இளகி

என்னுடையது மட்டும் வேலை செய்தது. அதனாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்தார்கள்.

வந்தது ஒருத்திதான். பிரதீபா. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நூலைப் பற்றி ஆராய்பவள். சில மாதங்களுக்கு முன் எனக்கு அளவெடுத்து இளகி என்ற அந்த உள்ளாடையை மாட்டிவிட்டவளும் அவள்தான். அன்று கலகலவென்று பேசியவள், இன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். உங்க ரெண்டு பீஸையும் வெட்டிப் பார்க்கணுமாம். மேல இருந்து சொல்றாங்க."

"எதுக்கு?"

"மத்த எல்லாருதும் காலைல பத்து மணிக்கே செத்துப் போயிடுது. உங்களுது மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஓடுது. உங்களுக்குக் கொடுத்த நூல்ல ஏதோ வித்தியாசம் இருக்குன்னு எம்.டி. நினைக்கிறாரு."

இரண்டில் ஒன்று அப்போது என் உடம்பில் இருந்தது. நான் என்னை அறியாமல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பது வயதுக்குப் பிறகு என் மார்புக்கூட்டுத் தசைகளில் ஓயாத நோவு குடியேறியது. காயம் இல்லை, கட்டி இல்லை, எந்த ஸ்கேன் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தசைக்குள் இருக்கும் நரம்புகள் உறங்க மறந்துவிட்டன என்றார் மருத்துவர். தோளில் நாடா பட்ட இடம் எரியும். விலாவைச் சுற்றிய பட்டை மூச்சைப் பிடிக்கும். போடாமல் இருந்து பார்த்தேன். பாரம் தொங்கி அதே தசைகளை இழுத்தது. பள்ளியின் மாடிப்படி ஏறுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும்.

நான் வாங்கிப் பார்க்காத உள்ளாடை இல்லை. கம்பி வைத்தது, கம்பி இல்லாதது, முன்பக்கக் கொக்கி, பின்பக்கக் கொக்கி. தலைவழியாக மாட்டுவது ஒன்று வாங்கினேன். அதற்குக் கையை மேலே தூக்க வேண்டும். எனக்குக் கை தோளுக்கு மேல் போகாது. ஒருமுறை அதற்குள் சிக்கிக்கொண்டு, போடவும் முடியாமல் கழற்றவும் முடியாமல், கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். நாடாவுக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்தேன். தையல் குத்துகிறதே என்று உள்ளை வெளியாகத் திருப்பிப் போட்டேன். உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்பும் திருப்பூரில் என் உடம்புக்கு ஒன்று கிடைக்கவில்லை. "நல்லா டைட்டா இருக்கோணும்க்கா, அப்பத்தான் நிக்கும்" என்று கடைப்பெண்கள் சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துவது என் வேலை. விடுப்பெல்லாம் தீர்ந்து, வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்த சமயத்தில்தான் இளகி வந்தது. வலியோடு இருக்கும் பெண்கள் இருநூறு பேருக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்துச் சோதித்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார்கள்.

"வலி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி தசை இறுகும் டீச்சர்" என்று அன்று பிரதீபா விளக்கினாள். "நமக்கே தெரியாது. இந்த நூலுக்குத் தெரிஞ்சுடும். எங்க இறுகுதோ அங்க தானாத் தளர்ந்து கொடுக்கும். பாரத்தைப் பக்கத்துல தள்ளிவிடும். அங்க இறுகினா இன்னொரு பக்கம். நாள் பூரா இப்படியே மாத்திக்கிட்டு இருக்கும்."

"அதுக்குச் சக்தி வேணுமே. பேட்டரி எங்க இருக்கு?"

"டீச்சர்னா டீச்சர்தான்." சிரித்தாள். "பேட்டரி வெச்சா அதுவே ஒரு புளியங்கொட்டை மாதிரி உறுத்தும். அதனால வெயில். துவைச்சு ரெண்டு மணி நேரம் வெயில்ல காயப்போட்டாப் போதும். ஒரு நாளைக்கு ஓடும். சக்தி தீர்ந்துட்டா மட்டும் கெட்டியாயிடும், சாதாரண எலாஸ்டிக்கை விட மோசமா."

"எத்தனை நாளைக்கு உழைக்கும்?"

"நூறு துவைப்பு தாங்கும். அப்புறம் நூல் சோர்ந்துடும். ஆனா அதுக்குள்ள கடைக்கே வந்துடும் டீச்சர். சோதனையில முடிவு நல்லா வந்தாப் போதும்."

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மூன்றாம் பாடவேளையின் நடுவில், ஒளிவிலகலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். நான் என் உடம்பை மறந்திருந்தேன். வாக்கியத்தை முடிக்காமல் நின்றுவிட்டேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அதைத்தான் இப்போது வெட்டிப் பார்க்கக் கேட்டார்கள்.

"ஒரு வாரம் கொடு" என்றேன் பிரதீபாவிடம். "என்ன வித்தியாசம்னு நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

"நாங்க எல்லாம் கேட்டுட்டோம் டீச்சர். சோப்பு, தண்ணி, எல்லாம். வெயில்லதான் காயப்போடறீங்களான்னு ஒவ்வொருத்தரையா கேட்டாச்சு. எல்லாரும் ஆமாங்கறாங்க. பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தோணலை."

ஆனாலும் ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கீழ்வீட்டுக் கலாமணியும் சோதனையில் இருந்தாள். ஓவர்லாக் மிஷினில் தைப்பவள். பல வருஷம் குனிந்து தைத்துத் தோளும் அக்குளும் கன்றிப்போனவள். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி உலர்த்தும்போது நானும் மொட்டை மாடியில் இருந்தேன். அவள் லுங்கி, சட்டை, பாவாடை என்று வரிசையாகக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

"கலாமணி, உங்க இளகியைத் துவைக்கலையா?"

"துவைச்சாச்சுங்க்கா. காயுது."

"எங்க?"

அவள் படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடியின் கோடியில் தொங்கிய துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். துண்டுக்குள் அது இருந்தது.

"இது வெயில்லயா காயுது?"

"பின்ன நெழல்லயா? வெயில் மண்டையப் பொளக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலைங்களா?"

அவள் பொய் சொல்லவில்லை. இருநூறு பேரும் பொய் சொல்லவில்லை. மொட்டை மாடி, உச்சி வெயில், அதில் கொடி, கொடியில் துண்டு, துண்டுக்கு அடியில் அது. வெயிலில்தான் காய்கிறது.

என்னுடையது மட்டும் பின்பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல், ஒரு கல்லைப் பாரமாக வைத்து, மல்லாந்து கிடந்தது. எனக்கும் கூச்சம் உண்டு. ஆனால் கொடி உயரத்தில் இருக்கிறது. கையைத் தூக்கிக் கொடியில் போட்டு, அதன் மேல் இன்னொரு துணியைப் போட்டு இழுத்துவிட என்னால் ஆகாது. நோவினால் ஒளித்துவைக்க முடியாமல் போனவள் நான் ஒருத்தி. அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத கோடவுன் சுவர் இருந்தது என் அதிர்ஷ்டம். "அப்பளமாட்டப் பரப்பி வெச்சிருக்கீங்களே" என்று கலாமணி முன்பு ஒருமுறை கேலி செய்திருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"மேல ஒண்ணும் போடாமயா? நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க மாமனாரு வந்து நடக்கற மாடிங்க இது."

பிரதீபாவுக்குப் போன் செய்தேன். இதையே அவளிடமும் சொன்னேன்.

"டீச்சர்" என்றாள். "நானும் அப்படித்தான் காயப்போடறேன்."

"நீ செஞ்ச நூல் இது."

"ஆமா. லேப்ல விளக்கு வெச்சுத்தான் சோதிச்சோம். வீட்டுல என் துணியை எப்படிக் காயப்போடறேன்னு யோசிச்சதே இல்ல. கை தானாப் பண்ணுது."

"மேல சொல்லிடு."

"அந்த ரூம்ல நான் ஒருத்திதான் பொம்பளை. எப்படிச் சொல்றது?" என்றாள். "போதிய ஒளி கிடைக்கலைன்னு எழுதிடறேன்."

அப்படித்தான் எழுதினாள். எம்.டி. அதைப் படித்துவிட்டு, திருப்பூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். பிரதீபாவும் சிரித்தாளாம். என்றாலும் அவர் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் முடிவு மாறாவிட்டால் இளகியைக் கைவிட்டுவிடுவது என்று ஆனது. என்னுடையதை வெட்டும் பேச்சு நின்றது. நன்றாக வெயில் படும்படி உலர்த்துங்கள் என்று எல்லோருக்கும் செய்தி போயிற்று. எல்லோரும் சரி என்று பதில் அனுப்பினார்கள்.

என் வேலை நிலைப்பது அந்த ஒரு மாதத்தைப் பொறுத்துத்தான் இருந்தது. இளகி கடைக்கு வந்தால் நான் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்துவேன். வராவிட்டால் நூல் சோரும்வரைதான். நான் கலாமணியிடம் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்தவர்கள், அவளுக்குத் தெரிந்தவர்கள் என்று வீடு வீடாகப் போனேன். "ஒரே ஒரு மாசம்" என்றேன். எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாடகைக்காரர்களுக்கு மாடியே கிடையாது, வாசல் கம்பியில்தான் உலர்த்த வேண்டும். இன்னொரு வீட்டில் எதிர்மாடியில் பையன்கள் எப்போதும் போனும் கையுமாக நின்றார்கள். ஓர் அம்மாள், "நோவுகூடப் பொறுத்துக்கலாமுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

கலாமணி ஒருநாள் துண்டில்லாமல் போட்டாள். பக்கத்து மாடிக்காரி உடனே, "என்ன கலாமணி, கொடியேத்தமா? முட்டாய் குடுப்பியா?" என்று கேட்டாள். கலாமணியும் பதிலுக்கு, "வந்து சல்யூட் அடிச்சுட்டு வாங்கிக்கோ" என்றாள். அடுத்த நாள் சாயங்காலம் தையல் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"தோள் இருக்கறதே தெரியலைங்க்கா இன்னிக்கு" என்றாள் தணிந்த குரலில், எதையோ திருடிவிட்டவள் போல. "எந்திரிக்கறப்ப மிஷினைப் புடிச்சுட்டுத்தான் எந்திரிப்பன். சும்மா எந்திரிச்சுட்டனுங்க."

நாலைந்து நாள் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் அவள் மாடிக்கு வரவில்லை. நான் கீழே போய்க் கேட்டேன்.

"மாமனாரு ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு குச்சியில எடுத்துக் கொண்டாந்து படிக்கட்டுல போட்டிருந்தாருங்க. எலியத் தூக்கிப் போடற மாதிரி. எம் பையன் அதைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போனான்."

என் சுவரில், என்னுடையதற்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். போட்டாள். பார்ப்பவர்கள் அதையும் என்னுடையது என்று நினைத்துக்கொள்ளட்டும். ஆக, இருநூறு பேரில் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை.

மாதக் கடைசியில் எங்கள் எல்லோரையும் கம்பெனிக்கு அழைத்தார்கள். நீளமான கூடம். முன்வரிசையில் பொறியாளர்கள். பின்னால் நாங்கள். எம்.டி. தாமோதரசாமி சத்தம் போடுகிற ஆள் இல்லை. இதே ஊரில் ஒரு தறிக்கூடத்தில் தொடங்கி மேலே வந்தவர்.

"உங்குளுக்காகத்தான் இதைப் பண்ணுனோம்" என்றார். "எங்க தப்புன்னு சொன்னாத் திருத்திக்கறோம். என்ன கஷ்டம்னு யாராவது சொல்லுங்கம்மா."

யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒருத்தி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். "கஷ்டம் ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்குது" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். பிரதீபா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"சார், எங்க உள்ளாடை மேல வெயில் படறதே இல்ல. கொடியில போட்டு மேல ஒரு துண்டைப் போட்டு மூடிடுவோம். எந்த வீட்டுலயும் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல, யாரும் மாத்தறதும் இல்ல. வெளியில தெரியற மாதிரி போட்டா வீட்டுல இருக்க முடியாது. நூல்ல தப்பு இல்ல."

பொறியாளர்கள் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் தாமோதரசாமி முகம் சுளிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்தக் கணத்தில்தான்.

"சரிங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "உங்குளுது அடியில போயிருது. அப்படின்னா ஒரு வீட்டுக் கொடியில எதையும் மேல போட்டு மூடாம, நேரா வெயில் படற மாதிரி தினமும் தொங்கறது எது?"

நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். இத்தனை வருஷப் பழக்கம், விடை வாயிலேயே இருந்தது.

"பனியன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது.

கூடத்தின் முன்பகுதியில் தலைகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. ஒருவர் தாமோதரசாமியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். பனியன் ஊரில் அந்த விடையை அவ்வளவு நேரம் யாரும் யோசிக்காததுதான் ஆச்சரியம்.

"எங்களுது என்னாகும் சார்?" என்று கேட்டேன். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"கண்டிப்பாப் பண்ணலாமுங்க டீச்சர். முதல்ல இந்த நூல்ல பனியன் ஓடட்டும். இதுல வர்றதை வெச்சு உங்குளுதப் பண்ணிக் குடுக்கறேன்." அவர் மனதார அதைச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து, "நல்லாப் பேசுனீங்க டீச்சர்" என்றாள்.

இளகி பனியன் தீபாவளிக்கு முன் கடைக்கு வந்தது. ஓட்டுநர்கள் வாங்கினார்கள், மூட்டை தூக்குபவர்கள் வாங்கினார்கள். அவர்களுக்கும் நோவு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பிறகு ஒரு நோவும் இல்லாதவர்களும் வாங்கினார்கள். போட்டால் சுகமாக இருக்கிறதாம். எந்த மாடியைப் பார்த்தாலும் அது வெள்ளையாகத் தொங்கியது. எந்தப் பனியனும் காலை பத்து மணிக்குச் சாகவில்லை.

நூறு துவைப்பு சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்க, நான் என்னுடைய இரண்டையும் சோப்புப் போடாமல் வெறும் நீரில் நனைத்து நனைத்து வெயிலில் போட்டு எடுத்தேன். வியர்வை நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்தேன். மார்கழி முடிவதற்குள் முதலாவது சோர்ந்தது. அடுத்ததும் ஒருநாள் வகுப்பிலேயே, நான் குழியாடியின் குவியத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, விலாவைச் சுற்றிக் கெட்டியாகிப் பிடித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதிப் பாடத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

பிரதீபா இப்போது பனியன் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் ஒரு பனியனைக் காகிதப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "போட்டுத்தான் பாருங்களேன் டீச்சர்" என்றாள். அவளே மாட்டிவிட்டாள். தோளில் ஒரு கணம் அந்தப் பழைய சுகம் வந்தது. பிறகு துணி என் மார்பின் பாரத்தைக் கண்டுகொண்டது. அதை இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு தளர்ந்தது. மறுபடி தளர்ந்தது. கடைசியில் எதையும் தாங்காமல் சாக்குப்பை போல என்மேல் தொங்கியது.

"அதோட கணக்குல நெஞ்சுன்னா தட்டையாத்தான் இருக்கும் டீச்சர்" என்றாள். "வேற கணக்கு எழுதலாம். என்கிட்ட இருக்கு. யாரும் கேட்கலை."

கழற்றுவதற்கும் அவள்தான் உதவினாள்.

பள்ளியில் கடைசி நாள் தலைமையாசிரியை, "உடம்புக்கு என்னதான் பண்ணுது?" என்று கேட்டார். தசைவலி என்றேன். "அது யாருக்கு இல்ல?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவரும் பேசும்போதே ஒரு கையால் தோள்நாடாவைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போது காலை வேளைகளில் நான் மாடியில் இருக்கிறேன். வேறு போக இடமில்லை. இன்று கலாமணி துணி உலர்த்த வந்தாள். அவளுடைய இளகியும் சோர்ந்துபோனதால் பழைய உள்ளாடைக்கே திரும்பிவிட்டாள். அதைக் கொடியில் போட்டாள். ஒரு கையால் தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அவள் புருஷனின் இளகி பனியனை உதறி அதன் மேலே போட்டு, தோள்பட்டையில் கிளிப்பை மாட்டினாள்.

"துண்டை விட இது அகலமுங்க்கா" என்றாள். "நல்லா மறைக்குது."

அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள். வெயில் ஏறியது. பனியன் அதை முழுக்க வாங்கிக்கொண்டு நின்றது. உள்ளே உடம்பு இல்லை. ஆனாலும் கிளிப் கடித்துக்கொண்டிருந்த இடத்தைத் துணி கண்டுபிடித்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஓர் இடத்தில் மட்டும், வலிக்குமோ என்று பயந்ததுபோல, அது மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுத்தது.